உங்கள் திசுவிலிருந்து பிறக்கும் மருந்தில் உங்களுக்கு என்ன பங்கு?

அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த கட்டி பிறகு எங்கே போகிறது என்று பெரும்பாலான நோயாளிகள் கேட்பதில்லை. உயிர் பிழைத்தால் போதும் என்றிருக்கும்போது அந்தக் கேள்வி எழுவதும் இல்லை. எரித்திருப்பார்கள், புதைத்திருப்பார்கள் என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம். பெரும்பகுதிக்கு அது சரிதான். ஒரு சிறு பகுதி மட்டும் மருத்துவமனையிலேயே தங்கிவிடுகிறது.

அது தங்கும் விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். வெட்டிய துண்டு முதலில் ஃபார்மலினில் ஊறும். நோயியல் ஆய்வகத்தில் அதைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, ஆல்கஹாலில் மாற்றி மாற்றி வைத்து உள்ளிருக்கும் நீரை வெளியேற்றுவார்கள். நீர் இருந்த இடத்தில் உருக்கிய பாரஃபின் மெழுகு புகுந்து உறையும். இப்போது கையில் இருப்பது தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு மெழுகுக் கட்டி. மைக்ரோடோம் என்ற கருவி அதை ஒரு மில்லிமீட்டரில் 200-இல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவும். அந்தச் சீவலை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றினால் மருத்துவர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோய் இன்னதென்று எழுதித் தருவார். மீந்த மெழுகுக் கட்டிக்கு ஓர் எண் போட்டு இழுப்பறையில் அடுக்கிவிடுவார்கள். நோய் திரும்பி வந்தால் மறுபடி பார்க்க வேண்டுமே என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள், நியாயமான காரணம்தான். பல ஆண்டுகளானாலும் அது கெடாது.

இப்படிச் சேர்ந்தவற்றின் அளவு மலைக்க வைக்கும். ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1999-இல் எடுத்த கணக்கின்படி அமெரிக்காவில் மட்டும் 30 கோடியே 70 லட்சத்துக்கும் அதிகமான திசு மாதிரிகள் சேமிப்பில் இருந்தன. அவை 17 கோடியே 80 லட்சத்துக்கும் அதிகமான மருத்துவ நேர்வுகளிலிருந்து வந்தவை. இந்த இழுப்பறைகளும் உறைபெட்டிகளும் இல்லாமல் இன்றைய புற்றுநோய் ஆராய்ச்சி இல்லை. எந்த மரபணு மாறினால் எந்தக் கட்டி வளர்கிறது, எந்த மருந்து யாருக்குப் பலன் தரும் என்பதையெல்லாம் இவற்றிலிருந்துதான் கற்றுக்கொள்கிறார்கள்.

அப்படிக் கற்றதிலிருந்து ஒரு பரிசோதனை முறையோ மருந்தோ பிறந்தால் பணம் வருகிறது. ஆய்வாளருக்குப் பெயரும் பதவியும், பல்கலைக்கழகத்துக்குக் காப்புரிமைக் கட்டணமும், நிறுவனத்துக்கு லாபமும் சேர்கின்றன. மூலப்பொருளைத் தந்த நோயாளிக்குச் சேர்வது என்ன? பெரும்பாலும் ஒன்றுமில்லை. பல சமயங்களில் தான் எதையோ தந்தோம் என்ற செய்திகூட அவரை எட்டுவதில்லை. இது சரியா, சரியில்லை என்றால் எதைத் தருவது, யாருக்குத் தருவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

எல்லாத் திசுவும் ஒன்றல்ல

விவாதத்துக்குள் போகுமுன் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பெரிய ஆய்வில் 10,000 பேரின் ரத்த மாதிரிகள் சேர்ந்திருந்தால் அதில் எந்த ஒருவருடைய மாதிரியும் தனித்து முக்கியமானதல்ல. ஒருவர் விலகினாலும் ஆய்வு நடக்கும். இது ஒரு வகை.

இன்னொரு வகையில் ஒரே ஒரு மனிதரின் செல்களே எல்லாம். உடலிலிருந்து எடுத்த செல்கள் சாதாரணமாகச் சில முறை பிரிந்து பெருகிவிட்டு ஆய்வகத்தில் இறந்துபோகும். அபூர்வமாகச் சில செல்கள் மட்டும், சத்துநீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் முடிவில்லாமல் பெருகும். அப்படி ஒரே மூலத்திலிருந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் தொடர்ச்சியைச் செல் வரிசை என்கிறார்கள். அதைக் குப்பியில் அடைத்து உலகின் எந்த மூலைக்கும் அனுப்பலாம், விற்கலாம். இங்கே அந்த மனிதர் இல்லையென்றால் அந்தப் பொருளே இல்லை. நோயாளிக்கு ஏதேனும் தர வேண்டுமா என்ற கேள்வி இந்த இரண்டாவது வகையில்தான் உரத்து எழுகிறது.

ஜான் மூரின் மண்ணீரல்

இந்தத் துறையில் யார் பேசத் தொடங்கினாலும் ஜான் மூர் வழக்கில்தான் வந்து நிற்பார்கள். அலாஸ்கா எண்ணெய்க் குழாய்த் திட்டத்தில் நில அளவையாளராக வேலை பார்த்தவர் அவர். 1976-இல் ஹேரி செல் லுகேமியா என்ற அரிதான ரத்தப் புற்றுநோய் வந்து, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவ மையத்துக்குப் போனார். வீங்கிப்போயிருந்த மண்ணீரலை எடுத்தாக வேண்டும் என்றார் அங்கிருந்த மருத்துவர் டேவிட் கோல்ட். எடுத்தார்கள், மூர் தேறினார். அதுவரை சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை.

அறுவை சிகிச்சைக்கு முன்பே, மண்ணீரலின் பகுதிகளைத் தன் ஆய்வுக்குக் கொண்டுபோக மருத்துவர் ஏற்பாடு செய்திருந்தார். மூருக்கு அது தெரியாது. அவருடைய செல்கள் நோய் எதிர்ப்புக்கு உதவும் சில புரதங்களை அளவுக்கு மீறிச் சுரந்தன. மருந்து நிறுவனங்கள் தேடிக்கொண்டிருந்த புரதங்கள் அவை. அடுத்த ஏழு ஆண்டுகள் மூர் சியாட்டிலிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து வந்து போனார். ஒவ்வொரு முறையும் ரத்தம், தோல், எலும்பு மஜ்ஜை, விந்து என்று எடுத்துக்கொண்டார்கள். உடல்நலத்துக்காக அதை அங்கேயே செய்ய வேண்டும் என்று சொன்னதை அவர் நம்பினார். இதற்கிடையே அவருடைய செல்களிலிருந்து ஒரு செல் வரிசை உருவாயிற்று. 1981-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1984-இல் அது கிடைத்தது. ஓர் உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்துடன் ஒப்பந்தமும் ஆயிற்று. மருத்துவருக்கு 75,000 பங்குகளும், மருத்துவருக்கும் பல்கலைக்கழகத்துக்குமாகச் சேர்த்து மூன்று ஆண்டுகளில் குறைந்தது 3,30,000 டாலரும் என்பது ஏற்பாடு.

1983-இல் மூரிடம் ஒரு படிவத்தை நீட்டினார்கள். தன் ரத்தத்திலிருந்தும் மஜ்ஜையிலிருந்தும் உருவாகும் செல் வரிசைக்கும் மற்றப் பொருள்களுக்குமான உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு அளிப்பதாக அதில் இருந்தது. ‘அளிக்கிறேன்’, ‘அளிக்கவில்லை’ என்ற இரண்டில் ஒன்றை வட்டமிட வேண்டும். ஒரு கட்டத்தில் அவர் ‘அளிக்கவில்லை’ என்பதை வட்டமிட்டார். பிறகு ஒரு வழக்கறிஞரிடம் போனார்.

கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1990-இல் தந்த தீர்ப்பு இரண்டு பாகமாக இருந்தது. உடலைவிட்டுப் பிரிந்த செல்கள் உங்கள் சொத்தல்ல, அதனால் லாபத்தில் பங்கு கேட்க முடியாது என்றது ஒரு பாகம். தன் ஆராய்ச்சி நோக்கத்தையும் பணநோக்கத்தையும் சொல்லாமல் நோயாளியிடம் சம்மதம் வாங்கியது மருத்துவரின் கடமை மீறல், அதற்காக அவர்மீது வழக்குத் தொடரலாம் என்றது இன்னொரு பாகம். சொத்துரிமையை மறுத்ததற்கு நீதிபதிகள் முக்கியமாகச் சொன்ன காரணம் ஆராய்ச்சியின் நலன். ஒவ்வொரு செல் மாதிரிக்கும் பின்னால் ஒரு வழக்கு ஒளிந்திருக்குமானால் விஞ்ஞானிகள் கைவைக்கவே அஞ்சுவார்கள் என்றார்கள். காப்புரிமை பெற்ற செல் வரிசை ஆய்வாளரின் உழைப்பில் உருவான வேறொரு பொருள், மூரின் உடலில் இருந்த செல்லே அல்ல என்றும் சொன்னார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஆற்றாமை உண்டு. மூரின் உடலில் இருந்தவரை அந்தச் செல்கள் யாருடைய சொத்தும் அல்ல. ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் அவற்றுக்குக் காப்புரிமை வருகிறது, விலை வருகிறது, உரிமம் வருகிறது. அந்தக் குப்பியை வேறொருவர் எடுத்துப்போனால் அது திருட்டு. ஒரே பொருள், எல்லோர் கையிலும் சொத்தாகி, அது பிறந்த உடலுக்குரியவரின் கையில் மட்டும் சொத்தாகாமல் போவது எப்படி? அந்த அமர்விலிருந்த நீதிபதி ஸ்டான்லி மாஸ்க் தன் மாறுபட்ட தீர்ப்பில் இந்தப் பக்கம்தான் நின்றார்.

பின்னால் வந்த வழக்குகளும் மூர் தீர்ப்பின் வழியில்தான் போயின. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் கேடலோனா என்ற அறுவை சிகிச்சை நிபுணர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது, சுமார் 6,000 நோயாளிகள் தங்கள் மாதிரிகளை அவரிடமே அனுப்பிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். மாதிரிகள் பல்கலைக்கழகத்துக்கே சொந்தம் என்று 2006-இல் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது.

தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள தூரம்

மூரின் கதைக்கு நேர் எதிரில் டெட் ஸ்லாவின் என்ற இன்னொரு அமெரிக்கரை வைத்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயுடன் பிறந்தவர். பரிசோதனை வசதி வராத காலத்தில் பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தை மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டதால் ஹெபடைடிஸ் பி வைரஸ் அவர் உடலுக்குள் பலமுறை புகுந்தது. விளைவாக அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி அவர் ரத்தத்தில் மிக அதிகமாக இருந்தது. அது மதிப்புமிக்கது என்று அவருடைய மருத்துவர் அவரிடமே சொல்லிவிட்டார். இந்தக் கதையின் திருப்பம் அந்த ஒரு செயல்தான்.

விஷயம் தெரிந்ததும் ஸ்லாவின் ஆய்வகங்களையும் நிறுவனங்களையும் தானே தொடர்புகொண்டார். தன் ரத்த நீரை ஒரு மில்லிலிட்டர் 10 டாலர் வரை விற்றார். அதோடு நிற்கவில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற பாரூக் ப்ளம்பெர்க்கைத் தேடிப் பிடித்து, உங்கள் ஆராய்ச்சிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாகத் தருகிறேன் என்றார். வைரஸுக்கும் கல்லீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய ப்ளம்பெர்க்குக்கு அந்த ரத்த நீர் உதவியது. நிறுவனத்திடம் விலை கேட்டதும் விஞ்ஞானியிடம் வாரி வழங்கியதும் ஒரே மனிதர்தான். இரண்டையும் அவர் தாமே தேர்ந்தெடுத்தார்.

ஸ்லாவினைச் சட்டம் எந்த வகையிலும் தனியாகக் கவனிக்கவில்லை. அவருக்குத் தகவல் முன்னால் வந்தது, மூருக்குப் பின்னால் வந்தது. தகவல் முன்னால் வந்தால் பேரம் பேசலாம், மறுக்கலாம், தானமாகவும் தரலாம். ஆகவே இந்த அறக்கேள்வியில் பணத்துக்கு முன்னால் நிற்பது சம்மதம் என்பது என் எண்ணம். சம்மதம் என்றால் ஒரு கையெழுத்து மட்டும் போதாது. என்ன எடுக்கிறார்கள், எதற்கு, யார் சம்பாதிக்கக்கூடும் என்று தெரிந்துகொண்டு தரும் சம்மதமாக அது இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசனையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அவருடைய பிளாஸ்மாவில் இருந்த ஓர் அரிய ஆன்டிபாடி, தாயின் ரத்த வகை ஒத்துப்போகாததால் சாகவிருந்த குழந்தைகளைக் காக்கும் மருந்துக்குப் பயன்பட்டது. 1954 முதல் 2018 வரை 1,100 முறைக்கு மேல் ரத்தமும் பிளாஸ்மாவும் தந்தார், காசு வாங்கவில்லை. 20 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்கு அது பயன்பட்டதாகச் சொல்கிறார்கள். அவர் ஏமாற்றப்பட்டார் என்று யாரும் சொல்வதில்லை. எதற்குத் தருகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஹென்ரியெட்டா லாக்ஸ்

பலரும் கேள்விப்பட்டிருக்கும் பெயர் இது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு 1951-இல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயுடன் வந்த கறுப்பினப் பெண், ஐந்து குழந்தைகளின் தாய். ரேடியம் சிகிச்சைக்கு முன் அவர் கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து ஜார்ஜ் கை என்ற ஆய்வாளரின் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவரிடம் கேட்கவில்லை, அன்றைய மருத்துவமனைகளில் கேட்கும் வழக்கமும் இல்லை. ஆய்வகத்தில் குழாயின் மேல் அவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஹீலா’ என்று குறித்து, மெதுவாகச் சுழலும் உருளையில் செருகினார்கள். ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் அந்தச் செல்கள் இரட்டித்தன. மனிதச் செல்களில் முடிவில்லாமல் பெருகிய முதல் வரிசை அதுதான். அதே ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி, 31 வயதில் அவர் இறந்தார்.

போலியோ தடுப்பூசி வேலை செய்கிறதா என்று சோதிக்க ஹீலா செல்கள் பயன்பட்டன. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ் வகைகளில் ஒன்றை ஜெர்மனியின் ஹாரால்ட் சுர் ஹவுசன் குழு இந்தச் செல்களிலும் கண்டது; அந்த ஆராய்ச்சி 2008-இல் நோபல் பரிசு பெற்றது, ஒரு தடுப்பூசிக்கும் வழிவிட்டது. ஹீலாவைக் குறிப்பிடும் ஆய்வுக் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டும். ஜார்ஜ் கை செல்களை விற்கவில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மாவே அனுப்பினார். பின்னால் வந்த நிறுவனங்கள்தான் விற்றன. குடும்பத்துக்கு விஷயம் தெரிந்தது 1970-களில், அதுவும் அவர்களுடைய ரத்தம் ஆய்வாளர்களுக்குத் தேவைப்பட்டபோது.

மூர் வழக்கில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. 2013 மார்ச்சில் ஒரு ஐரோப்பிய ஆய்வகம் ஹீலா செல்களின் முழு மரபணுத் தொடரை இணையத்தில் வெளியிட்டது. மரபணு ஒருவரோடு நிற்பதில்லை; பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் உடல் ரகசியங்களும் அதில் இருக்கின்றன. குடும்பம் எதிர்த்தது, தகவல் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் குடும்பத்துடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. தகவலைப் பார்க்க விரும்பும் ஆய்வாளர்கள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் லாக்ஸ் குடும்பத்தினர் இருவர் இருப்பார்கள். இதில் பணம் எதுவும் கைமாறவில்லை. ஆனாலும் 62 ஆண்டுகளில் முதன்முறையாக அந்தக் குடும்பத்துக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. அதை நான் குறைத்து மதிக்க மாட்டேன்.

பணம் வேறு வழியில் வந்தது. தெர்மோ ஃபிஷர் சயின்டிஃபிக் நிறுவனத்தின்மீது 2021-இல் வாரிசுகள் வழக்குத் தொடுத்தார்கள். சம்மதமில்லாமல் எடுத்ததை, அப்படி எடுத்தது என்று தெரிந்தே விற்று லாபம் பார்க்கிறீர்கள் என்பது வாதம். 2023 ஆகஸ்ட் 1 அன்று சமரசம் அறிவிக்கப்பட்டது. உயிரோடு இருந்திருந்தால் ஹென்ரியெட்டாவுக்கு அன்று 103 வயது. தொகை எவ்வளவு என்பது ரகசியம்.

வேண்டாம் என்பவர்கள் சொல்வது

திசுவுக்குப் பணம் கூடாது என்பவர்களின் வாதங்களை இலேசாகத் தள்ளிவிட முடியாது. அவர்களில் பலர் நோயாளியின் பக்கம் நிற்பவர்கள்தான்.

அவர்கள் அதிகம் அஞ்சுவது ஆசைகாட்டலை. உடல் பகுதிக்கு விலை என்று ஒன்று வந்துவிட்டால் ஏழைகள்தான் முதலில் வரிசையில் நிற்பார்கள். மறைக்கக் கூடாத நோயை மறைப்பார்கள். தேவையில்லாத வலியை ஏற்பார்கள். இந்த அச்சம் சட்டங்களிலும் பதிந்திருக்கிறது. மனித உடலும் அதன் பகுதிகளும் அந்த வடிவிலேயே பணலாபத்துக்கு வழியாகக் கூடாது என்கிறது ஐரோப்பிய நாடுகளின் 1997 ஓவியேடோ உடன்படிக்கை. மனித மரபணுத் தொகுதி அதன் இயற்கை நிலையில் பணலாபம் தரக் கூடாது என்று யுனெஸ்கோவும் அதே ஆண்டு அறிவித்தது. இந்த அச்சம் நியாயமானது. ஆகவே முன்கூட்டியே விலை பேசுவதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் கத்தி எடுப்பதற்கு முன் ஆசைகாட்டும் விலைக்கும், பத்தாண்டு கழித்து மருந்து விற்றபின் தரும் பங்குக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. பின்னது யாரையும் அறுவைக் கூடத்துக்கு இழுத்து வராது.

அடுத்தது, நோயாளி உழைக்கவில்லை என்ற வாதம். கட்டி வளர்ந்தது அவர் முயற்சியால் அல்ல. அதை மருந்தாக்கியது பிறருடைய அறிவு. உண்மைதான். அதனால் நோயாளியின் பங்கு சிறிதாக இருக்கலாம் என்று சொல்லலாம், சூனியம் என்று சொல்ல முடியாது. ஓர் அரிய செல் கையில் கிடைத்தது ஆய்வாளருக்கும் அதிர்ஷ்டம்தான். அந்த அதிர்ஷ்டத்துக்குக் காப்புரிமை என்ற பாதுகாப்பைச் சட்டம் தந்திருக்கிறது.

கலந்துபோன பங்களிப்பு என்ற வாதம்தான் எனக்கு மிக வலுவாகப் படுகிறது. பல்லாயிரம் பேரின் மாதிரிகளிலிருந்து ஒரு முடிவு கிடைக்கும்போது, ஆற்று நீரில் எந்தத் துளி எந்த மழையில் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆளுக்கு ஒரு தொகை என்று கணக்குப் போட்டால் கணக்குப் போடும் செலவு தொகையை விழுங்கிவிடும். இந்த வகையில் தனிமனிதருக்குப் பணம் என்பது பொருளற்றது. அதை ஒத்துக்கொள்வதுதான் நேர்மை.

ஒரு சிறு குறிப்பு: மருந்துச் சோதனைகளில் கலந்துகொள்ளும் ஆரோக்கியமானவர்களுக்கு அவர்களுடைய நேரத்துக்கும் சிரமத்துக்கும் பணம் தருவது பல நாடுகளில் வழக்கம். அமெரிக்காவில் பிளாஸ்மா தருபவர்களுக்கும் பணம் உண்டு. ஆகவே உடல் சார்ந்த பங்களிப்புக்குப் பணம் தருவது என்பதே புனிதத்தைக் கெடுப்பது என்ற பேச்சு நடைமுறையில் ஏற்கெனவே கைவிடப்பட்ட ஒன்று.

பங்கு பணமாகத்தான் இருக்க வேண்டுமா

கானவன் நோய் என்று ஒன்று உண்டு. குழந்தைகளின் மூளையைச் சிதைக்கும் மரபணு நோய். பிள்ளைகள் பெரும்பாலும் சிறுவயதிலேயே இறந்துவிடுவார்கள். பாதிக்கப்பட்ட பெற்றோர்கள் தாங்களாகவே ஓர் ஆய்வாளரைத் தேடிப் போய், இறந்த குழந்தைகளின் திசுக்களைத் தந்தார்கள், பணம் தந்தார்கள், மற்றக் குடும்பங்களையும் தேடிச் சேர்த்துவிட்டார்கள். 1993-இல் மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. 1997-இல் ஆய்வாளர் பணியாற்றிய மயாமி மருத்துவமனை அதற்குக் காப்புரிமை பெற்று, பரிசோதனைக்குக் கட்டணமும் கட்டுப்பாடும் விதித்தது. தங்கள் குழந்தைகளின் திசுவிலிருந்து வந்த பரிசோதனை, தங்களைப் போன்றவர்களுக்கே எட்டாமல் போவதைப் பெற்றோர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

அவர்கள் கோபத்தில் பணத்தாசை இல்லை. பரிசோதனை எல்லோருக்கும் எளிதில் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் எதிர்பார்த்த ஒரே ‘கூலி’. 2003-இல் நீதிமன்றம் அவர்களுடைய சொத்துரிமை வாதத்தை ஏற்கவில்லை. பிறர் கொடுத்ததை வைத்து நியாயமின்றி லாபமடைந்தார்கள் என்ற வாதத்தை மட்டும் அனுமதித்தது, பிறகு சமரசமாயிற்று.

இதே காலத்தில் இன்னொரு குடும்பம் வேறு வழி கண்டது. ஷேரன் டெர்ரி, பாட்ரிக் டெர்ரி தம்பதியின் இரண்டு குழந்தைகளுக்கும் 1994-இல் பிஎக்ஸ்இ என்ற அரிய மரபணு நோய் இருப்பது தெரிந்தது. ஆய்வாளர்கள் தனித்தனியாக வந்து அதே குழந்தைகளிடம் ரத்தம் எடுப்பதையும், ஒருவருக்கொருவர் மாதிரிகளைப் பகிராததையும் அவர்கள் கவனித்தார்கள். அடுத்த ஆண்டே ஓர் அமைப்பைத் தொடங்கி, நோயாளிகளே நடத்தும் திசு வங்கி ஒன்றை அமைத்தார்கள். மாதிரி வேண்டுமென்றால் நிபந்தனை உண்டு: வரும் காப்புரிமையில் அமைப்புக்கும் பங்கு. 2000-இல் மரபணு கண்டுபிடிக்கப்பட்டபோது ஷேரன் டெர்ரியும் கண்டுபிடிப்பாளர்களில் ஒருவராகக் காப்புரிமையில் இடம்பெற்றார். பரிசோதனை மலிவாகவும் பரவலாகவும் கிடைக்க வேண்டும் என்று பேசும் அதிகாரம் குடும்பங்களிடம் வந்தது. கானவன் பெற்றோரிடம் இல்லாதது இந்த ஒப்பந்தம் ஒன்றுதான்.

இழப்பு பணமல்லாத இடங்களும் உண்டு. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் பழங்குடியினர், தங்களிடையே பரவிய நீரிழிவு நோயைப் பற்றி ஆராய 1990-களில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ரத்தம் கொடுத்தார்கள். அந்த ரத்தத்தை மனச்சிதைவு நோய் ஆய்வுக்கும், அவர்களுடைய மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் பயன்படுத்தினார்கள். இந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் நாங்கள் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. 2010-இல் வழக்கு 7 லட்சம் டாலருக்குச் சமரசமானது. அவர்கள் அதோடு கேட்டுப் பெற்ற இன்னொன்று, மீதமிருந்த ரத்த மாதிரிகளைத் திரும்பப் பெறும் உரிமை.

பல்லாயிரம் பேர் கலந்த ஆய்வுகளுக்கு என்ன வழி? சர்வதேச மரபணுத் தொகுதி ஆய்வாளர் அமைப்பான ஹ்யூகோவின் அறக்குழு 2000-இல் ஒரு பரிந்துரை சொன்னது: லாபம் ஈட்டும் நிறுவனங்கள் ஆண்டு நிகர லாபத்தில் 1 முதல் 3 சதவீதத்தைப் பொதுச் சுகாதார வசதிகளுக்கோ மனிதநேயப் பணிகளுக்கோ ஒதுக்க வேண்டும். யாரையும் கட்டுப்படுத்தாத வெறும் பரிந்துரைதான். ஆனாலும் கலந்துபோன பங்களிப்புக்குக் கலந்த கைம்மாறு என்ற எண்ணம் சரியான திசையில் இருக்கிறது. ஒரு தனிமனிதரின் செல்களே பொருளாக மாறும்போது அவருக்கோ குடும்பத்துக்கோ நேரடிப் பங்கு, மற்றபடி சமூகத்துக்குப் பங்கு என்று இரண்டையும் பிரித்துக்கொண்டால், எதிர்வாதங்களில் பெரும்பாலானவற்றுக்கு இடமில்லாமல் போகிறது என்று நினைக்கிறேன்.

மாற்றம் கொஞ்சம் வந்திருக்கிறது. அமெரிக்க அரசு 2017-இல் தன் ஆராய்ச்சி விதிகளைத் திருத்தியபோது, பெயர் நீக்கிய மாதிரிகளுக்கும் சம்மதம் வாங்க வேண்டும் என்ற முன்மொழிவைக் கைவிட்டுவிட்டது. இது பின்னடைவு. மறுபுறம், பொருந்தும் இடங்களில் சம்மதப் படிவத்தில் ஒரு வாக்கியம் இருக்க வேண்டும் என்றது: உங்கள் மாதிரி வணிக லாபத்துக்குப் பயன்படலாம், அந்த லாபத்தில் உங்களுக்குப் பங்கு உண்டு அல்லது இல்லை. பெரும்பாலான படிவங்கள் ‘இல்லை’ என்றே சொல்லும். இருந்தாலும் ஜான் மூருக்கு 1976-இல் இந்த ஒரு வரியைப் படித்துக் காட்டியிருந்தால் அவர் ஸ்லாவினைப் போல நடந்திருக்க முடியும்.

அடுத்த முறை அறுவை சிகிச்சைக்கு முன் கையில் படிவத்தைக் கொடுத்தால், மீதமாகும் திசுவைப் பற்றிய பத்தியைத் தேடிப் பாருங்கள். எந்த ஆய்வுக்கு என்று குறிப்பிட்டிருக்கிறதா, இல்லை ‘எதிர்கால ஆராய்ச்சி’ என்று பொத்தாம்பொதுவாக இருக்கிறதா? வெளி நிறுவனங்களுக்குப் போகுமா? பின்னால் மனம் மாறினால் திரும்பப் பெறலாமா? எழுதியிருக்காவிட்டால் கேளுங்கள். ஆராய்ச்சிக்குத் தர மறுப்பதால் சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது என்பது மருத்துவ ஆராய்ச்சிக்கான ஹெல்சிங்கி பிரகடனத்திலேயே இருக்கும் விதி. சம்மதித்துத் தருவதாக இருந்தாலும், கேட்டுவிட்டே தரலாம்.